விமானதளத்துக்குப் பின்னால் உன் ஸ்டேஷன்

லிங்கன்ஷயர்,
ஜூலை 6

அன்பு நண்பன் நாரிஸுக்கு,

நானும் ஈனிடும் நலம். பெர்த்தில் மகள் ஜில்லியன் வீட்டில் நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். கண் டாக்டர் சொன்னதை அவள் எழுதியிருந்தாள். கை எட்டும் தூரத்துக்கு அப்பால் எல்லாம் மங்கலாமே? அதைவிட, “இனிமே ரயில் பொம்மை எனக்கு எதுக்கு?” என்று நீ கேட்டாயாம். படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. பொம்மையாம்! இருபது வருடம் என்னோடு கேரேஜ் குளிரில் விறைத்துக்கொண்டு தண்டவாளம் பதித்தவன் பேசுகிற பேச்சா இது?

சரி, செய்திக்கு வருகிறேன். நம் மாதிரி ரயில் பலகையில், வயல் வைக்கலாம் என்று சுவரோரமாக நீ காலியாக விட்டுப்போன இடத்தில் என் மனைவி ஈனிட் ஒரு போர்க்கால விமானதளமே கட்டிவிட்டாள். போர் நாளில் நம் ஊர் வயல்களை விமானப்படை எடுத்துக்கொண்ட மாதிரிதான், யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆனால் வேலையை நீ பார்க்க வேண்டும். பல் டாக்டரிடம் உதவியாளராக இருந்தவள் அல்லவா? ஓடுபாதை முழுக்கப் பல் அச்சு எடுக்கிற மாவு. பல்லைக் குடைகிற கம்பியாலேயே அதில் விரிசல் கீறியிருக்கிறாள். தக்காளி விழுது வந்த தகரக் குழாயை வெட்டி, சீப்பின் மேல் வைத்து அழுத்தினாள்; விமானக் கொட்டகைக்கு நெளிநெளியாகக் கூரை வந்துவிட்டது. குண்டுவீச்சு விமானத்தின் இறக்கைக்கு அடியில் ஒருவன் டீ குடிக்கிறான். வீரர்களின் குடில் ஓரத்தில் முட்டைக்கோஸ் பாத்தி. ஒவ்வொரு கோஸும் மிளகளவு, நாரிஸ், அதற்கும் இலை வைத்திருக்கிறாள்! நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

அக்டோபர் கண்காட்சிக்கு அனுப்பலாமா என்று பார்க்க, நம் மாதிரி ரயில் சங்கத் தலைவர் பிம் வந்தார். குனிந்து பார்த்துவிட்டு, “ஏம்மா ஈனிட், ஸ்டேஷன் மாஸ்டருக்கு மட்டும் ரேஷனைக் குறைச்சிட்டாங்களா?” என்றார். உனக்குத் தெரிந்த பழைய தொல்லைதான். நம் ரயிலும் ஆட்களும் அசலில் எழுபத்தாறில் ஒரு பங்கு. கடையில் விற்கிற விமானங்களோ எழுபத்திரண்டில் ஒரு பங்கு. முன்னால் இருக்கும் ரயில் சின்னது, பின்னால் இருக்கும் விமானம் பெரிது. இப்படியே என்றால் கண்காட்சியில் இடமில்லை என்று சொல்லிவிட்டார்.

ஈனிட் அசரவில்லை. “அப்ப இடத்தை மாத்திடறேன். பெருசு முன்னாடி, சிறுசு பின்னாடி. தூரத்துல இருக்கறது சின்னதாத்தானே தெரியும்?” என்றாள். பிம் மறுபடி குனிந்து பார்த்துத் தலையாட்டினார்.

எனக்குத்தான் திக்கென்றது. பின்னால் போவது உன் ஸ்டேஷன் அல்லவா? உன் மோய்ரா இறந்த குளிர்காலத்தில் நீ செங்கல் செங்கலாகக் கட்டியது. அதன் பெஞ்சில் பச்சைக் கோட்டோடு அவளையே விரல்நுனி அளவில் செய்து உட்கார வைத்திருக்கிறாய். கண் மங்கியவனின் மனைவியைக் கொண்டுபோய்ப் பின்வரிசையில் வைப்பதா என்று ஈனிடோடு சண்டைக்கே போய்விட்டேன்.

“கண்காட்சியில நீங்க ரெண்டு பேரும் எங்க நின்னு ரயில் ஓட்டப்போறீங்க?” என்றாள்.

பலகைக்குப் பின்னால்தான்! கண்காட்சியில் ரயில் ஓட்டுகிறவர்கள் அங்கேதான் நிற்பார்கள். சுவரோடு ஒட்டிக் கிடந்த பலகையை முன்னாலிருந்தே ஓட்டிப் பழகிய எனக்கு அது உறைக்கவே இல்லை. ஜனங்களுக்குப் பின்பக்கம், நமக்கு அதுதான் முன்பக்கம். ஸ்டேஷனையும் நம் பக்கமாகத் திருப்பிவிடப் போகிறாளாம். “ஜனங்களுக்கு அதோட முதுகுதானேம்மா தெரியும்?” என்று பிம் இழுத்தார். “ஜனங்களுக்கு விமானம் இருக்கு. ஸ்டேஷன் நாரிஸுக்கு” என்று சொல்லிவிட்டு அவள் டீ போடப் போய்விட்டாள். இவளைக் கட்டிக்கொள்ள நான் என்ன புண்ணியம் செய்தேனோ!

நீ சரி என்று எழுதும்வரை உன் ஸ்டேஷனில் கத்தி வைக்க மாட்டாளாம். பலகையை மட்டும் சுவரிலிருந்து இழுத்துவிட்டோம். நேற்று உன் ஸ்டூலை அந்த இடைவெளியில் போட்டு உட்கார்ந்து, ஸ்டேஷன் வரப்போகிற இடத்தில் விரலை வைத்துப் பார்த்தேன். கண்ணிலிருந்து ஒரு முழம்கூட இல்லை. உன் கண்ணுக்கு எட்டும்.

சரி என்று எழுதாதே, நாரிஸ். நீயே வந்து சொல். கடவுள் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். ஸ்டூலை நான் எடுக்கப் போவதில்லை.

என்றும் உன்,
பேசில்