உவர் பிடித்த துண்டு

மல்வேர்ன், ரொறொன்ரோ
23 நவம்பர் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

கோகுலன் எழுதுகிறேன். இரண்டு வருடத்துக்குப் பிறகு என் எழுத்தைப் பார்க்கிறீர்கள். போனில் எடுத்தால் ஐந்தாவது நிமிடம் என் சத்தம் ஏறும், நீங்கள் வெட்டிவிடுவீர்கள். அதனால்தான் கடிதம். தங்கச்சி நிசாந்தினியிடம் வாசிக்கக் கொடுக்கவேண்டாம். அவளுக்கு அழுகை வந்தால் நிற்காது. கண்ணாடியைப் போட்டு நீங்களே வாசியுங்கள்.

அம்மா சுகம். முழங்கால் நோ கூடியிருக்கிறது. ஆனாலும் வெள்ளிக்கிழமை தவறாமல் பக்கத்து வீட்டுத் தவமணி அன்ரியோடு பஸ் பிடித்துக் கோயிலுக்குப் போகிறார். காணாமல் போன தன் தம்பி பேரின்பத்தின் பெயரும் நட்சத்திரமும் சொல்லி அர்ச்சனை செய்கிறார். உயிரோடு இருப்பவர்களுக்குச் செய்யும் அர்ச்சனை. முப்பத்தைந்து வருடமாக அதுதான். நீங்கள் இங்கே வர மறுத்ததைப் பற்றிக் கேட்டால், “உங்கட அப்பாக்கு என்னைவிட வயல்தான் பெரிசு மனே” என்கிறார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

என் வேலை பற்றி உங்களுக்குச் சரியாகச் சொன்னதில்லை. கட்டடங்களில் கொன்கிறீற்றைத் துளைக்கும் முன் உள்ளே கம்பி, வயர் எங்கே ஓடுகிறது என்று ரேடாரால் பார்த்துச் சொல்வது என் வேலை. அதே முறையில் மண்ணுக்குள்ளும் பார்க்கலாம். துளைக்கிறவர் மரியோ. அறுபத்தொரு வயது, ஸ்பெயின்காரர். சாப்பாட்டு நேரத்தில் அவர் தன் ஊர்க் கதையைத் தொடங்கினால் நான் போனை எடுத்துவிடுவேன். எனக்கு ஊர்க்கதை கேட்கப் பொறுமை இல்லை. ஒருநாள் அவர் என் போனைப் பிடுங்கி மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, “என் பெரியப்பாவைச் சுட்டுப் புதைத்தார்கள், இடம் தெரியாது, உன் ரேடாரோடு வருவாயா?” என்று கேட்டார். செப்டெம்பரில் போனேன். அதைத்தான் எழுதப்போகிறேன்.

ஊரின் பெயர் வால்செர்னா. எண்பது வீடு, அதில் இருபத்திமூன்று பேர் இருக்கிறார்கள். மற்ற வீடுகளில் புறா. கோதுமையும் வாதுமை மரமும் செம்மறியும்தான் பிழைப்பு. பாண் விற்கிற வான் செவ்வாயும் வெள்ளியும் வந்து ஹோர்ன் அடிக்கும். முன்பு அறுநூறு பேர் இருந்தார்களாம். அப்போது இரண்டு தவறணை. மேல் தவறணையில் நிலக்காரரும் அவர்களுடைய ஆட்களும் குடிப்பார்கள், கீழ்த் தவறணையில் கூலிக்காரர். தரிசாகக் கிடந்த நிலத்தைக் கீழ்த் தவறணைக்காரர் ஒரு வசந்த காலத்தில் இறங்கி உழுதார்கள். அந்த ஆடியில் நாட்டில் சண்டை தொடங்கியது. லொறியில் துவக்கோடு வந்தவர்கள் மேல் தவறணையில் வைத்து ஒரு பட்டியல் வாசித்தார்கள். பதினொரு பெயர். வாத்தியார், கொடி தைத்துக் கொடுத்த தையல்காரி, உழுத எட்டுப் பேர், அவர்களுக்குச் சப்பாத்துத் தைத்த மரியோவின் பெரியப்பா. பட்டப்பகலில், சந்தை கூடியிருக்கும்போது, ஒரே கம்பியால் கைகளைப் பிணைத்துத் தெருவால் நடத்திப் போனார்கள். வாத்தியார் விழுந்தபோது துவக்குப் பிடியால் அவருடைய தாடையை உடைத்தார்கள். மற்றவர்கள் அவரை இழுத்துக்கொண்டு நடந்தார்கள். 1936 அது. கீழ்த் தவறணைக் குடும்பமும் மேல் தவறணைக் குடும்பமும் இன்றைக்கும் தேவாலயத்தில் ஒரே வாங்கில் இருப்பதில்லை.

அனுமதி எடுத்து, எலும்பு பார்க்கும் டொக்ரரோடு ஒரு குழு வந்திருந்தது. மூன்றாம் கிலோமீற்றர் கல்லடிதான் இடம் என்று ஊர் சொன்னது. செத்தவர்களின் வீட்டார் வருடா வருடம் அந்தக் கல்லடியில்தான் பூ வைக்கிறார்கள். தினமும் ஒரு கிழவர் கோலோடு வந்து அந்தக் கல்லில் குந்தியிருப்பார். பெயர் நீக்கிலாஸ், எண்பத்தேழு வயது, மேல் தவறணைக் குடும்பம். அதனால் அவரோடு ஒருவரும் பேசுவதில்லை. நான் ரேடாரைத் தள்ளும்போதெல்லாம் “இங்கே இல்லை, இங்கே இல்லை” என்றார். மண் குழம்பிய தடம் திரையில் அச்சொட்டாகத் தெரிந்தது. மெசின் பொய் சொல்லாது, கிழவனைக் கொஞ்சம் வாயை மூடச் சொல்லுங்கள் என்று மரியோவிடம் சொன்னேன்.

வெட்டத் தொடங்கிய அன்றே மேல் தவறணைக் குடும்பத்துப் பொடியள் நாலு பேர் பிக்கப்பில் வந்தார்கள். செத்ததுகளைக் கிண்டாதே என்று கத்தினார்கள். மரியோ குழிக்குள் நின்று அண்ணாந்து, “உன் பாட்டன் கிண்டியதைத்தான் கிண்டுகிறேன்” என்றார். ஒருவன் மண்வெட்டிப் பிடியால் அடித்தான். மரியோவின் இரண்டு விரல் முறிந்தது. நான் ரேடாரின் கைபிடி இரும்பைக் கழற்றி அவனுடைய முழங்காலுக்கு விட்டேன். பொலிஸ் வந்து எல்லாரையும் பிரித்தது. நாங்கள் வந்த வானின் நாலு டயரும் அதற்குள் கிழிந்திருந்தன.

இரண்டாம் நாள் பின்னேரம் குழியில் என்ன வந்தது தெரியுமா? சீமெந்துக் குழாய். மழைத்தண்ணீர் போகிற குழாய். அறுபதுகளில் ரோட்டை நேராக்கியபோது கல்லைப் பிடுங்கித் தள்ளி நட்டிருக்கிறார்கள். செத்தவர்களின் வீட்டார் நாற்பது வருடம் அந்தப் பக்கம் தலைகாட்டப் பயந்தவர்கள். அவர்கள் பூவோடு வந்தபோது கல் இடம் மாறிவிட்டது. அன்றிலிருந்து குழாய்க்குத்தான் பூ வைத்திருக்கிறார்கள்.

நீக்கிலாஸ், “நான் சொன்னேனே” என்றார். அப்படியென்றால் எங்கே என்று கேட்டேன். பேசாமல் இருந்தார். அந்தப் பேசாமல் இருக்கிற முகம் எனக்குத் தெரியும் அப்பா. சேட்டுக் கழுத்தைப் பிடித்துத் தூக்கினேன். பொத்தான் தெறித்தது. உலுக்கினேன். கல்லில் வாய் அடிபட்டு இரத்தமும் ஒரு கட்டுப்பல்லும் விழுந்தன. எல்லாரும் ஓடிவந்து என்னை இழுத்தார்கள். அவர் குனிந்து பல்லை எடுத்து, காற்சட்டையில் துடைத்து, பொக்கெற்றுக்குள் போட்டார். “இவ்வளவு காலத்தில் என்னிடம் எங்கே என்று கேட்ட முதல் ஆள் நீதான்” என்று சொன்னதாக மரியோ மொழிபெயர்த்தார்.

பிறகு கோலை ஊன்றிச் சரிவில் நடந்தார். இரண்டு வாதுமை மரத்துக்கு நடுவில் நின்று தொப்பியைக் கழற்றினார். அது அவருடைய சொந்த நிலம். அவருடைய தகப்பன் வண்டி வைத்திருந்தவர். கிணறு வெட்ட ஆள் வேண்டும் என்று துவக்குக்காரர் அவரை வண்டியோடு கூட்டிப்போனார்களாம். சாகக் கிடக்கும்போது மகனிடம் சொன்னது இது: “சரிவில் எவன் கிணறு வெட்டுவான்? முழங்கால் ஆழம் வெட்டும்போதே எனக்குத் தெரிந்தது. வெட்டாவிட்டால் பன்னிரண்டாவது ஆள் நான்.” அந்தத் துண்டை உழாதே, விற்காதே என்றும் சொன்னாராம். நீக்கிலாஸ் உழவில்லை, விற்கவில்லை.

பதினொரு பேரும் இருந்தார்கள். கம்பி இன்னும் கையெலும்புகளைப் பிணைத்திருந்தது. ஒவ்வொரு மண்டையோட்டிலும் காதுக்குப் பின்னால் ஒரு துளை. வாத்தியாருடைய தாடை இரண்டாக இருந்தது. தையல்காரியின் விரலெலும்பில் ஊசி குத்தாமல் போடுகிற தையல் மூடி. ஒருவருக்கு மட்டும் காலில் சப்பாத்து இல்லை. நீக்கிலாஸ் அதைப் பார்த்துவிட்டு, “அது எங்கள் வீட்டுக்கு வந்தது” என்றார். தகப்பனுக்கு அளவில்லையாம். மேல்பரணில் கிடந்ததாம். பதினைந்து வயதில் தனக்கு அளவாக வந்ததாம், ஆறு வருடம் போட்டாராம். மரியோ மாவுக்கட்டுக் கையோடு மண்ணில் இருந்துகொண்டு, குதிக்காலில் எத்தனை ஆணி என்று கேட்டார். ஏழு, வட்டமாக என்றார் கிழவர். மரியோவின் பெரியப்பா தான் தைத்ததில் எல்லாம் ஏழு ஆணிதான் அடிப்பாராம், வட்டமாக. மரியோ கிழவரை அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. “நல்ல சப்பாத்தா?” என்று கேட்டார். “நல்ல சப்பாத்து” என்றார் கிழவர்.

புறப்படும் நாள் நீக்கிலாஸின் வீட்டுக்குப் போனேன். கீழுதடு இன்னும் வீங்கியிருந்தது. மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன், தமிழில்தான் வந்தது. அவருக்கு விளங்கியிருக்காது. எனக்கும் அது அவருக்குச் சொன்னதாகப் படவில்லை.

அப்பா, இங்கே திரும்பி வந்து ஒரு வேலை செய்தேன். நம்முடைய வயலின் செய்மதிப் படங்களை இருபது வருடத்துக்குப் பின்னோக்கி எடுத்தேன். மாரிப் பயிர், கோடைப் பயிர் எல்லாவற்றிலும் ஒரு துண்டு வெறுமையாகக் கிடக்கிறது. நீளம் பன்னிரண்டு மீற்றர், அகலம் நாலு. உவர் பிடித்த இடம், விதைத்தாலும் வராது என்று சின்ன வயதில் எனக்குச் சொன்னீர்கள். நானும் பட்டம் எடுத்த மடையன், நம்பினேன். உவருக்கு நேர்கோடு தெரியாது அப்பா. அது மூலை மடித்து வராது.

தொண்ணூறாம் ஆண்டு மாமா காணாமல் போன அன்று துவக்குக்காரர் உங்களுடைய உழவு மெசினை மறித்து, உங்களையும் ஏற்றிப்போனதை ரோட்டில் நின்றவர்கள் பார்த்திருக்கிறார்கள். அதை இரண்டு வருடத்துக்கு முன்பு கேள்விப்பட்டுத்தான் முற்றத்தில் உங்களுடைய சேட்டுக் கழுத்தைப் பிடித்தேன். மாமா எங்கே என்று மதிலோடு வைத்து இடித்தேன். நிசாந்தினி குளறினாள். நீங்கள் கையைக்கூடத் தூக்கவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் விமானம் ஏறினேன். நீங்கள் ஏன் வயலை விட்டு வரவில்லை என்று அப்போது எனக்குத் தெரியாது.

அம்மாவிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் இனியும் அர்ச்சனை செய்வதா, திவசம் செய்வதா என்பதை நீங்கள்தான் சொல்லவேண்டும். அதற்கு முன் நான் சொல்ல மாட்டேன்.

ஈர மண்ணில் ரேடார் குருடு. அறுவடை முடிந்து வயல் காயட்டும், பங்குனியில் வருகிறேன். நான் ஒரு கேள்வியும் கேட்க மாட்டேன், சத்தம் போடமாட்டேன். நீங்களும் எனக்கு ஒன்றும் சொல்லவேண்டாம். வெயிலுக்கு முன் இருவரும் வரம்பால் நடப்போம். அந்தத் துண்டில் வந்து, தோளில் கிடக்கிற துவாயை எடுத்துக் கையில் பிடியுங்கள். எனக்கு அது போதும். அதுவரை குளிசையை நேரத்துக்குப் போடுங்கள். உடம்பைக் கவனமாக வைத்திருங்கள் அப்பா.

உங்கள் மேல் கை வைத்த மகன்,
கோகுலன்