ஐந்தாம் வார்த்தை உனக்கு விழுந்த வருடம்

இன்று காலை பக்கத்து வீட்டில் ஊறுகாய்க்கு எலுமிச்சை நறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஜன்னல் வழியே அந்த வாசம் வந்ததும், பத்திரிகைக்கு எழுதிக்கொண்டிருந்த கட்டுரையை மூடிவைத்துவிட்டேன். உன் கடைசி வருடங்களில் நம் ஒக்கலிபுரம் வீட்டில் எப்போதும் இருந்த வாசம் அது. சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு, நாளுக்கு இரண்டு டம்ளருக்கு மேல் தண்ணீர் கூடாது என்று டாக்டர் கட்டுப்படுத்தியிருந்தார். நாக்கு வறண்டால் ஓர் எலுமிச்சைத் துண்டை வாயில் ஒதுக்கிக்கொள்வாய்.

தாகம் என்று மட்டும் நீ சொன்னதே இல்லை. கீழ் வீட்டுக் குழாயில் தண்ணீர் வரும் சத்தம் கேட்டால் எழுந்து முன்னறைக்குப் போய்விடுவாய். கஷ்டமாக இருக்கிறதா என்றால், “பழகிடுச்சுங்க” என்பாய். டயாலிசிஸ் முடிந்து ஆட்டோவில் திரும்பும்போது, ரயில் நிலையத்துக்கு வெளியே இளநீர்க் குவியலைத் தாண்டும் வரை கண்ணை மூடிக்கொள்வாய். தூங்குகிறாய் என்று நானும் நினைத்துக்கொள்வேன்.

அந்த வருடம் பெரிய வெள்ளிக்கு, சிலுவையில் கிறிஸ்து சொன்ன ஏழு வார்த்தைகளையும் சபையாரே பேசுவது என்று முடிவானது. சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். உனக்கு விழுந்தது ஐந்தாவது. தாகமென்று அவர் சொன்னது.

மறுநாளே போதகர் வீட்டுக்கு வந்துவிட்டார். நல்ல மனிதர். உனக்கு எதிரில் காபி குடிக்கக் கூசி டம்ளரைத் தொடாமல் வைத்திருந்தார். “நீங்க குடிங்க ஐயா. பாத்துக்கிட்டு இருந்தா எனக்கும் பாதி எறங்கிடும்” என்றாய். அவர் மெல்ல விஷயத்துக்கு வந்தார். தாயைச் சீடனிடம் ஒப்படைத்த மூன்றாம் வார்த்தையை நீ எடுத்துக்கொள்ளலாம், இதை வேறு யாராவது பேசட்டும் என்றார்.

“ஏன் ஐயா, தாகம்னா என்னன்னு தெரியாதவங்கதான் பேசணுமா?”

அவர் காபியைக் குடித்துவிட்டு எழுந்து போனார்.

அதற்குப் பிறகு பல சாயங்காலங்கள் மடியில் வேதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். ஒருநாள் என்னைக் கூப்பிட்டாய். கிணற்றடியில் ஒரு சமாரியப் பெண்ணிடம் அவர் தண்ணீர் கேட்டாரே, அவள் கொடுத்தாளா இல்லையா, ரிப்போர்ட்டர்தானே, பார்த்துச் சொல்லுங்கள் என்றாய். அந்தப் பகுதியை இரண்டு முறை படித்தேன். பேச்சு நீண்டுபோகிறது, சீடர்கள் வந்துவிடுகிறார்கள், அவள் குடத்தை வைத்துவிட்டு ஊருக்குள் போகிறாள். கொடுத்ததாக எழுதவில்லை என்றேன்.

“எழுதலைன்னா நடக்கலையா? குடத்தை எதுக்கு விட்டுட்டுப் போறா? அவர் குடிக்கட்டும்னுதான்.”

செய்தி ஆசிரியர் ஒத்துக்கொள்ள மாட்டார் என்றேன். “அவர் கெடக்கறார்” என்று சிரித்தாய்.

பெரிய வெள்ளியன்று வழக்கம்போல நான் பின்வரிசையில் இருந்தேன். அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்துக்கும் முன்னால் போகாதவன் என்பது சபைக்கே தெரியும். வெள்ளைச் சேலையில் நீ எழுந்து நின்றாய். வீங்கிய கால்களோடு நிற்க முடியுமா என்றுதான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ மேடைத் தமிழில் பேசவில்லை.

“மன்னிப்புக் கேட்டார், அது மத்தவங்களுக்கு. பக்கத்துல தொங்கினவனுக்கு ஆறுதல் சொன்னார். அம்மாவுக்கு ஒரு வழி பண்ணார். தன் உடம்புக்குன்னு அவர் கேட்டது இது ஒண்ணுதான். யார்கிட்ட கேட்டார்? ஆணி அடிச்சவங்ககிட்ட. அவங்களை விட்டா அங்க குடுக்க முடிஞ்சவங்க யாரும் இல்லை. நான் யார்கிட்டயும் கேக்கறதில்லைன்னு ஒரு பெருமை வச்சிருந்தேன். அவரே கேட்டுட்டார். இனிமே நானும் கேக்கப் போறேன்.”

கொஞ்சம் நிறுத்தி, “கேட்டேன்னு யாரும் குடுத்துடாதீங்க” என்றாய். பெரிய வெள்ளி ஆராதனையில் ஜனங்கள் சிரித்ததை அன்றுதான் கேட்டேன். சிரித்த பெண்களே கண்ணையும் துடைத்துக்கொண்டார்கள்.

சொன்னபடி அன்று சாயங்காலமே ஆரம்பித்தாய். “தாகமா இருக்குங்க.” அன்றைய தண்ணீர் முடிந்திருந்தது. கொடுக்க முடியாது என்பது இருவருக்கும் தெரியும். “தெரியும்மா” என்பேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வேன். அவ்வளவுதான். அந்த வருடம் நாம் அதிகம் பேசிக்கொண்டது இதுதான். இத்தனை காலம் குடும்பம் நடத்தி, நீ என்னிடம் உனக்கென்று எதையாவது கேட்டது அப்போதுதான்.

மழைக்காலத்தில் உன்னை மறுபடியும் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஒரு பிற்பகல் டாக்டர் என்னை வராந்தாவுக்கு அழைத்து, இனி எவ்வளவு தண்ணீர் கேட்டாலும் கொடுங்கள் என்று கன்னடத்தில் சொன்னார். தோளில் கைவைத்துத்தான் சொன்னார். நான் உள்ளே வந்து ஒரு டம்ளர் நிறைய ஊற்றினேன். நீ டம்ளரைப் பார்த்தாய். விளிம்புவரை இருந்த தண்ணீரைப் பார்த்தாய். பிறகு என் முகத்தை.

“நெறையத் தர்றீங்க. டாக்டர் சொல்லிட்டாரா?”

உன் தலையை நிமிர்த்திப் பிடித்தேன். ஒரு வாய் குடித்தாய். கண்ணை மூடி அதை வாய்க்குள்ளேயே கொஞ்ச நேரம் வைத்திருந்து விழுங்கினாய். இன்னும் கொஞ்சம் என்று கெஞ்சினேன். “போதும்ங்க, நீங்க குடிங்க” என்றாய். நீ வைத்த மீதியை உன் கண்ணெதிரில் குடித்து முடித்தேன். விடிவதற்குள் நீ போய்விட்டாய்.

இப்போது திருவிருந்துக்கு முன்னால் போகிறேன். விசுவாசம் வந்துவிட்டதா என்று போதகர் கேட்டார். சொல்லத் தெரியவில்லை. அவர் தேவகுமாரன் என்பதற்கும், மூன்றாம் நாள் எழுந்தார் என்பதற்கும் என்னிடம் சாட்சி இல்லை. அவருக்குத் தாகம் எடுத்தது என்பதை மட்டும் நான் மறுக்க மாட்டேன். மண்டியிட்டுப் பாத்திரத்தில் வாய் வைக்கும்போது, தருகிறவராக அவர் எனக்குத் தெரிவதில்லை. ஒரு படுக்கையில் தலையை நிமிர்த்தக்கூட முடியாமல், தண்ணீருக்காக என் முகத்தைப் பார்க்கிறார்.