வெல்கோ ஊற்றிவைத்த கடைசி வைன்

டோன்கா,

"அந்த வைனைக் கொட்டிடும்மா!"

"உங்கப்பா கையால ஊத்தி வச்சதுடி."

"தண்ணி பாட்டில்ல ஊத்தி வச்சாரே! புளிப்பு பட்டா பிளாஸ்டிக்ல இருக்கற ரசாயனம் வைன்ல இறங்கும்."

"எவ்வளவு இறங்கும்?"

"கொஞ்சம்தான். கோடை பூரா வெயில்ல கிடந்திருக்கு, இன்னும் கூடும்."

"இத்தனை வருஷமா அதைத்தான குடிச்சோம்?"

"அதான் அப்பா..."

நேற்று அங்கே நிறுத்திக்கொண்டாய்.

இன்று அப்பா இறந்து நாற்பதாம் நாள். நீ தூங்குகிறாய், எழுப்ப மனமில்லை, கல்லறைக்குப் போய்வருகிறேன். கல்லறையில் படைக்க அவித்த கோதுமையும் அந்த வைன் பாட்டிலும் பையில் இருக்கின்றன. அடுப்பில் பீன்ஸ் சூப் இருக்கிறது, சூடாக்கிக்கொள். உப்பில் முட்டைக்கோஸ் ஊறிய புளிப்புத் தண்ணீரைப் பிளாஸ்டிக் வாளியில் வைக்காமல் கண்ணாடி ஜாடியில் வைத்திருக்கிறேன். வயிற்றுப்பிள்ளைக்காரி, பயப்படாமல் குடி.

பாதிரியார் வீட்டுக்கு வந்தால் நேரே கல்லறைக்கு அனுப்பு.

இன்னொன்று. அந்த வைனை நான் ஒரு வாய்கூடக் குடிக்கமாட்டேன். வழக்கப்படி அவர் தலைமாட்டு மண்ணில் ஊற்றுவேன், இந்தத் தடவை பாட்டில் காலியாகும்வரை. கொட்டச் சொன்னாயே, கொட்டத்தான் போகிறேன்.

அவரை இனிமே அது என்னடி செஞ்சிடும், சொல்லு?