உன் இழுப்பறையில் இருந்த சிலிண்டர் சாவி

உன் மேசையைக் காலி செய்ய என்னைத்தான் கூப்பிட்டார்கள். கல்லூரியில் உனக்கு நெருக்கமானவள் நான் ஒருத்திதானாம்! போய் இழுப்பறையைத் திறந்தேன். கைக்குட்டையில் சுற்றிய ஆக்சிஜன் சிலிண்டர் சாவி கிடந்தது. துறைமுகத்துக் காற்றில் இந்த ஊரில் எல்லா இரும்பும் துருப்பிடிக்கும். இதில் ஒரு பொட்டுத் துரு இல்லை. துடைத்துத் துடைத்து வைத்திருக்கிறாய். என் கையிலிருந்து நீ பிடுங்கிய சாவி அது.

நாம் இருவரும் உடலியல் துறையில் ஆசிரியைகளாக ஒன்றாகத்தான் சேர்ந்தோம். நீ மணப்பாட்டுக்காரி, நான் நாசரேத்துக்காரி. விடிந்ததும் உன் ஸ்கூட்டரில் கறிக்கடைக்குப் போவோம்.

"அண்ணாச்சி, கறி வேண்டாம். கழுத்து ரத்தக்குழாயை மட்டும் அறுத்துத் தாங்க."

"அதை வச்சி என்ன குழம்பும்மா வப்பிய?"

நீ சிரித்த சிரிப்பில் கடையே திரும்பிப் பார்க்கும். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

குழாயின் சுவரில் இருப்பது மென்தசை. நாள் முழுக்க இறுகி நின்றாலும் சோராது. அந்தச் சக்தி எங்கிருந்து வருகிறது என்பதுதான் நம் கேள்வி. குழாயிலிருந்து ஒரு துண்டை வெதுவெதுப்பான உப்புத் திரவத்தில் தொங்கவிட்டு, ஆக்சிஜனைக் குமிழியாக விட்டு, அது இழுக்கும் இழுப்பை அளப்போம். சிலிண்டரைத் திறப்பது என் பொறுப்பு.

அன்றைக்குத் திரவத்தில் லாக்டேட் ஏகத்துக்கும் இருந்தது. ஆக்சிஜன் கிடைக்காமல் மூச்சு முட்டிய தசைதான் லாக்டேட் விடும் என்று நாம் படித்திருந்தோம். நீ சிலிண்டர் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மாணவர்கள் முன்னால் என்மேல் பாய்ந்தாய்.

"ஏளா, வாயுவைத் திறக்காம என்னத்தளா செஞ்சிக்கிட்டு இருந்த? சாவியை இங்கன கொண்டா."

"திறந்துதான்ளா இருந்திச்சி. குமிழி வந்ததை நீயும் பாத்தல்லா?"

"பேசாத."

அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் சாவிக்காக உன் அறை வாசலில் வந்து நின்றேன். கொடுப்பாய். கொடுத்துவிட்டுப் பின்னாலேயே வந்து வால்வைத் திருகிப் பார்ப்பாய். மாணவர்களும் அதைப் பார்த்தார்கள். கவனமில்லாதவள் என்ற பெயர் என்மேல் ஒட்டிக்கொண்டது. வேலையில் சுத்தம் என்பதைத் தவிர எனக்கு வேறு என்ன சொத்து இருந்தது?

விட்டேனா? ஆக்சிஜன் மானியைத் திரவத்துக்குள்ளேயே இறக்கிவைத்துத் தனியாகச் செய்து பார்த்தேன். ஆக்சிஜன் தாராளம். லாக்டேட்டும் தாராளம். பிறகு பொட்டாசியம் இல்லாத திரவத்துக்கு மாற்றி, செல் சவ்வில் சோடியத்தை வெளியே தள்ளும் பம்பை நிறுத்தினேன்; பொட்டாசியம் இல்லாமல் அது ஓடாது. லாக்டேட் சரிந்தது. இழுப்பு மட்டும் குறையவே இல்லை. ஒரே செல்லுக்குள் இரண்டு அடுப்பு! ஆக்சிஜனை எரிக்கும் அடுப்பு தசை இழுப்பதற்கு. சவ்வை ஒட்டிச் சர்க்கரையை மட்டும் உடைக்கும் அடுப்பு பம்புக்கு. லாக்டேட் அந்த இரண்டாவது அடுப்பின் புகை. எல்லாவற்றையும் உன் முன்னால் கொண்டுவந்து வைத்தேன். ஒவ்வொரு தாளாகப் புரட்டினாய்.

"சரி, வையி" என்றாய். அவ்வளவுதான்.

அடுத்த வருடம் நீ வகுப்பெடுத்தது பக்கத்து அறையில் இருந்த எனக்குக் கேட்டது. "ஆக்சிஜன் எவ்வளவு இருந்தாலும் மென்தசை லாக்டேட் விடும். அதைப் பாத்து வாயு இல்லைன்னு நினைக்கவன் முட்டாப்பய." மாணவர்கள் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். சாவி அப்போதும் உன்னிடம்தான் இருந்தது. கொஞ்சமாவது கூசியதா உனக்கு?

மணப்பாட்டில் உன்னை அடக்கம் செய்த அன்று எல்லோரும் அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. உன் தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வீட்டுல எப்பவும் உங்க பேச்சுதான்க்கா. 'அவ கை சுத்தம், அவ செஞ்சா தப்பாது'ன்னு சொல்லிக்கிட்டே இருப்பா."

தங்கையிடம் சொன்னாய். என்னிடம் சொல்ல உன் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? உன்னை நான் மன்னிக்கப் போவதில்லை. செத்துப்போனவள் என்பதற்காக விட்டுவிடுவேன் என்று நினைத்தாயா?

சாவியைத் துறையில் ஒப்படைக்கவில்லை. என் பைக்குள்தான் வைத்திருக்கிறேன். இன்று காலை அதைக் கொண்டு சிலிண்டரைத் திறந்தேன். குமிழிகள் வந்தன. என்னை அறியாமல் வாசல் பக்கம் திரும்பி, வால்வைத் திருகிப் பார்க்க நீ வருவாய் என்று நின்றுகொண்டிருந்தேன்.

திறந்துதான்ளா இருக்கு. வந்து பாரு.