நல்ல குரல் என்று கொடுத்தது

தேவனாம்பட்டினம்,
7.2.2011

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் மனைவி சௌந்தரம் எழுதுவது. நம் பெண் அனுப்பிரியா நன்றாக இருக்கிறாள், படிப்பில் மட்டும் உங்களைப் போல. என்னைப் பற்றி அப்படி ஒரே வரியில் எழுத முடியவில்லை.

பொங்கலிலிருந்து நான் போனை எடுக்காததற்குக் கோபம்தான் காரணம் என்று நினைத்திருப்பீர்கள். முதல் இரண்டு வாரம் கோபம்தான், பொய் சொல்ல மாட்டேன். "என்னாடி, ஒன் கொரலு ஆம்பள கொரலா மாறிட்டு வருது"ன்னு அன்றைக்குச் சிரித்தீர்கள். சுனாமியில் படகு போய் நீங்கள் பஹ்ரைனுக்குப் போனதிலிருந்து, கரையில் மீன் ஏலம் போட்டு இந்த வீட்டை நடத்துகிற தொண்டை இது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, போனை வைத்துவிட்டேன்.

போன மாதக் கடைசியில் ஸ்ரீதர் என்று ஒரு தம்பி கரைக்கு வந்தார். சிதம்பரத்தில் இன்ஜினியரிங் ஆராய்ச்சி செய்கிறவர். நல்ல குரல்களையும் நோய்க் குரல்களையும் கேட்க வைத்துக் கம்ப்யூட்டரைப் பழக்குகிறாராம். பழகிவிட்டால், யார் தொண்டையில் கோளாறு என்று அதுவே சொல்லுமாம். நோய்க் குரல்கள் ஆஸ்பத்திரியில் கிடைத்துவிட்டன. நல்ல குரல் தேடி நம்மிடம் வந்திருக்கிறார், பாவம். தொண்டையில் தொந்தரவு உண்டா என்று கேட்டதும் எல்லாரும் சிரித்தோம். "ஏலம் போடுற தொண்ட பின்ன குயிலாட்டமா இருக்கும்?" என்றாள் பட்டம்மாள் அக்கா. தொண்டை கட்டாதவளை நம் கரையில் யார் ஏலக்காரி என்று மதிக்கிறார்கள்? ஒரு தொந்தரவும் இல்லை என்று நானும் கையெழுத்துப் போட்டேன்.

சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒன்றைக் கழுத்தில் ஒட்டினார். 'ஆ' என்று இழுக்கச் சொன்னார், ஒரு மடக்குத் தண்ணீர் விழுங்கச் சொன்னார். மற்றவர்கள் குரலையெல்லாம் எப்படியோ ஏற்றுக்கொண்ட கம்ப்யூட்டர், என்னுடையதை மட்டும் நோய்ப் பக்கமே தள்ளியது. மெஷினில்தான் தப்பு என்று வயரை மாற்றி மறுபடி ஒட்டினார். மூன்று தடவையும் அதேதான். அப்புறம் மெதுவாக, "அக்கா, ஒங்களுக்குச் சோறு ஒழுங்கா எறங்குதா?" என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. தீபாவளியிலிருந்து ஒவ்வொரு கவளத்தையும் தண்ணீர் குடித்துத்தான் தள்ளுகிறேன். அனுவுக்குக்கூடத் தெரியாது.

"இது இன்னும் பழகுற மெஷினுக்கா, இத நம்பி பயப்படாதீங்க, டாக்டரப் பாப்போம்"னு அந்தத் தம்பியே சிதம்பரத்துக்கு அழைத்துப் போனார். டாக்டர் குழாய் விட்டுப் பார்த்தார். உள்ளே கட்டி இருக்கிறது. சாதாரணக் கட்டியாகத்தான் தெரிகிறது, மற்றது, கட்டியை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினால்தான் தெரியும் என்றார். அந்த 'மற்றது' என்னவென்று நான் கேட்கவில்லை. 24ஆம் தேதி வியாழக்கிழமை ஆபரேஷன். அதுவரைக்கும், அதற்கப்புறம் இரண்டு வாரமும் வாயே திறக்கக்கூடாது, குசுகுசுவென்றுகூடப் பேசக்கூடாது. பழைய குரல் வருமா என்றதற்குப் பார்க்கலாம் என்றுதான் சொன்னார்.

கரையில் எனக்குப் பதிலாகக் கண்ணாயிரம் அண்ணன் ஏலம் போடுகிறார். வஞ்சிரத்தைத் தாலாட்டுப் பாடித் தூங்க வைக்கிறார். பார்த்துக்கொண்டு வாயை மூடி நிற்பது ஆபரேஷனை விடப் பெரிய தண்டனை.

கம்ப்யூட்டருக்கு முன்னாலேயே கண்டுபிடித்தது நீங்கள்தான் மாமா. கடலுக்கு அந்தப் பக்கமிருந்து, போனிலேயே. அதைக் கேட்டுக்கொள்ளாமல் சண்டை போட்டது நான். மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.

லீவு கேட்டு வேலையைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். வெயிலில் தலையில் துணி இல்லாமல் நிற்காதீர்கள். அம்மன் உங்களைக் கண்போலக் காக்கட்டும். இது கையில் கிடைத்ததும் போன் செய்யுங்கள், அனு என் காதில் வைப்பாள். என்னிடமிருந்து ஒரு சத்தமும் வராது. லைன் போய்விட்டது என்று வைத்துவிடாதீர்கள். பேசிக்கொண்டே இருங்கள், திட்டினாலும் சரி.

காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கும்,
உங்கள் சௌந்தரம்