தவறான தோளில் போர்த்திய பொன்னாடை

அனுப்புநர்:
சி. பத்மநாதன்,
ஒன்பதாம் மாடி, மார்க்கம் வீதி,
ஸ்காபரோ, ஒன்ராறியோ.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
எங்கள் வட்டாரக் கல்விச் சபை.

பொருள்: புதிதாக வந்த பிள்ளைகளின் ஆங்கில வகுப்பை மூடத் தீர்மானித்ததும், அதற்கு எங்கள் சம்மதம் கிடைத்ததாக அச்சிட்டதும், ஒரு பொன்னாடையும்.

பெருமதிப்புக்குரிய ஐயா,

பெற்றோர் தத்தம் தாய்மொழியிலேயே எழுதலாம், மொழிபெயர்த்துப் படிப்போம் என்று தங்கள் சபையின் துண்டுப்பிரசுரம் சொல்கிறது. அந்தப் பெருந்தன்மையை நம்பித் தமிழில் எழுதுகிறேன். இதை மொழிபெயர்க்கப்போகும் பிள்ளைக்கு ஒரு வேண்டுகோள்: மரியாதைச் சொற்களை விட்டாலும் பரவாயில்லை, மற்றதை விட்டுவிடாதே.

1. நான் ஊரில் ஓர் அரசாங்கக் கந்தோரில் பதினெட்டு வருடம் எழுதுவினைஞனாக இருந்தவன். பொதுமக்களின் மனுக்களைப் பெற்று, முத்திரை குத்தி, கிடப்பில் போடுவதே என் உத்தியோகம். ஆகவே தங்கள் திறமையை எடைபோட எனக்குக் கொஞ்சம் தகுதி உண்டு. சொல்லக் கூச்சமாக இருக்கிறது, நாங்கள் தங்கள் கால்தூசிக்கும் வரமாட்டோம்.

2. என் மகள் மயூரிக்குப் பத்து வயது. அவளுக்கு இரண்டு வயதாக இருந்தபோது நான் கனடாவுக்கு வந்துவிட்டேன். ஏழு வருடம் கழித்து, சென்ற ஆண்டு மார்ச் மாதம், தாயும் மகளும் விமான நிலையத்தில் வந்து இறங்கினார்கள். ஊரில் சண்டைக்குள் இடம்பெயர்ந்து நடந்த பாதையில் அவள் என்ன கண்டாளோ, ஏழு மாதம் பாடசாலையில் ஒரு சொல் பேசவில்லை. வீட்டில் தாயின் காதுக்குள் மட்டும் பேசுவாள். என்னை வாடகைக்கு வந்த ஆளைப் பார்ப்பது போலப் பார்ப்பாள்.

3. அந்தப் பாடசாலையில் மிஸிஸ் ஹாலண்ட் என்ற ரீச்சர், புதிதாக வந்த பதினான்கு பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பிக்கிறார். ஒக்டோபரில் ஒருநாள் வாசிப்பு நேரத்தில் யாரோ மயூரியைத் தாண்டிப் புத்தகத்தை வாங்கிவிட, அவள் எழுந்து நின்று, இப்போது என்னுடைய முறை என்று ஆங்கிலத்தில் சொன்னாளாம். ரீச்சர் அன்று பின்னேரம் எங்கள் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்து அழுதார். அந்தக் கிழமைதான் என் மகள் என்னை முதன்முதலாக 'அப்பா' என்று கூப்பிட்டாள். தங்கள் சபை மூடுவது இந்த வகுப்பைத்தான்.

4. மூடப்போகும் செய்தி கேட்டு, மார்ச் 26ஆம் திகதிய பொதுக் கூட்டத்தில் பேச அனுமதி கேட்டோம். ஐந்து நிமிடம் தந்தீர்கள். என்ன தாராளம்! பக்கத்து வீட்டு பேபி அக்கா நான்கரை நிமிடத்தில் நிறுத்தாமல் பேசி முடித்தார். தாங்கள் புன்னகையுடன், 'உங்கள் கருத்தை மிகவும் கவனத்தில் எடுத்துக்கொள்வோம்' என்றீர்கள். பதினெட்டு வருடம் அதே வசனத்தை என் கையால் எழுதி அனுப்பியவன் நான். அதன் அர்த்தம் குப்பைக்கூடை என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்த மண்டபத்தில் யாருமில்லை. அப்படியிருந்தும் முதலில் கைதட்டியவன் இந்த மடையன்தான்.

5. அத்துடன் நிற்கவில்லை. ஒரு காரியம் ஆனால், ஆகப்போகிறது என்று நினைத்தாலும்கூட, பெரிய மனிதரைப் பொன்னாடை போர்த்தாமல் அனுப்ப எங்கள் சனத்துக்கு வராது. மெரூன் கரை போட்ட பொன்னாடை ஒன்று என் மனைவியின் பையில் இருந்தது. கூட்டம் முடிந்ததும் மிஸிஸ் ஹாலண்டுக்குப் போர்த்தவென்று பதினான்கு குடும்பமும் சேர்ந்து வாங்கியது. நான் அதை உருவி எடுத்தபோது பேபி அக்கா, 'அண்ணை, உது ரீச்சருக்கெல்லோ!' என்று கையைப் பிடித்தார். 'பெரிய மனிசனை வெறுந்தோளோட அனுப்பலாமோ?' என்று சொல்லிவிட்டுத் தங்கள் தோளில் போர்த்தினேன். படம் எடுத்தார்கள். பின்வரிசையில் இருந்த ரீச்சரும் கைதட்டினார்.

6. இரண்டு கிழமையில், கதவு பூட்டிய அமர்வில், வகுப்பு ஜூன் மாதத்துடன் முடியும் என்று தீர்மானித்தீர்கள். கூட்ட அறிக்கை கேட்டு மூன்று தடவை தங்கள் கந்தோருக்கு வந்தேன். மூன்றாம் தடவை ஒரு தாள் கிடைத்தது. அதில் ஒரே வரி: பெற்றோரின் கருத்துகள் பெற்றுக்கொள்ளப்பட்டன. யார் மூடச் சொன்னார், யார் வேண்டாம் என்றார் என்று ஒரு பெயரும் இல்லை. நாங்கள்கூட இவ்வளவு சுத்தமாக வேலை செய்ததில்லை, ஐயா.

7. பிறகு தங்கள் செய்திமடல் வந்தது. முதற்பக்கத்தில் பொன்னாடையுடன் தாங்கள். கீழே, சபையின் மாற்றங்களைத் தமிழ்ப் பெற்றோர் மனமுவந்து வரவேற்கிறார்கள் என்று எழுதியிருக்கிறது. மெரூன் நிறம் தங்களுக்கு எடுப்பாகவே இருக்கிறது. மயூரி அந்தப் படத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்தாள், வகுப்பைக் காப்பாற்றிய மனிதர் என்று நினைத்து. அதை நான்தான் கழற்றினேன். ஏன் என்று கேட்டாள். வெட்கமாக இருந்தது, ஐயா. கோபம் பிறகுதான் வந்தது.

ஆகையால் பணிவுடன் கேட்பது: வகுப்பை மூடும் தீர்மானத்தைப் பொதுக் கூட்டத்தில் மறுபடி எடுங்கள். ஒவ்வொரு உறுப்பினரும் பெயர் சொல்லி, கையை உயர்த்தி வாக்களிக்கட்டும். அந்தப் பட்டியலை அடுத்த செய்திமடலில், தங்கள் படம் வந்த அதே இடத்தில் போடுங்கள். போட இடமில்லையென்றால் கவலை வேண்டாம், எங்கள் கட்டடத்து எலிவேற்றருக்குப் பக்கத்தில் நல்ல அகலமான சுவர் இருக்கிறது. நவம்பரில் தேர்தல். நான் சென்ற வருடம்தான் கனடாப் பிரஜையானேன். எங்கள் கட்டடத்தில் என்னைப் போல நூற்றுப்பதினொரு பேர் இருக்கிறார்கள் என்று வீடு வீடாகக் கதவு தட்டிக் கேட்டு எழுதி வைத்திருக்கிறேன். அவர்கள் கருத்தையும் தாங்கள் பெற்றுக்கொள்வீர்கள்.

இதெல்லாம் முடியாவிட்டால், அந்தப் பொன்னாடையையாவது திருப்பி அனுப்புங்கள். ஜூன் 26 ரீச்சரின் கடைசி நாள். வகுப்பின் சார்பில் நன்றி சொல்ல மயூரியைத் தெரிவுசெய்திருக்கிறார்கள். ஏழு மாதம் வாய் திறக்காத பிள்ளை கண்ணாடிக்கு முன் நின்று ஒரு பக்கம் பேசிப் பழகுகிறாள். பேசி முடித்ததும் போர்த்துவதற்கு அவள் கையில் அது இருக்க வேண்டும். கழுவத் தேவையில்லை, நாங்களே கழுவிக்கொள்வோம்.

இடம்: ஸ்காபரோ
திகதி: 14 மே 1997

இனித் தங்கள் கூட்டம் ஒவ்வொன்றிலும் முன்வரிசையில் இருக்கப்போகும்,
சி. பத்மநாதன்
(மயூரியின் அப்பா)