அப்பாவின் வயிற்றில் இல்லாத கிருமி

மகளுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. நீ சுகமாகத்தான் இருப்பாய், அடுத்தவர் நிம்மதியைக் கெடுத்தவர்களுக்கு நன்றாகத் தூக்கம் வரும். போனில் பேசினால் நான் கத்துவேன், நீ பட்டென்று வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம். முழுசாகப் படி.

குடலில் கட்டி எடுத்த பிறகு அப்பா தினமும் ஒரு கிண்ணம் வேகவைத்த முட்டைக்கோஸ் தின்றாரே, யார் சொல்லி? நீ சொல்லித்தான். கோஸுக்குள் கந்தகம் சேர்ந்த ஏதோ ஒன்று இருக்கிறது, அது உடைந்தால் உடம்புக்கு நல்லது, கட்டி திரும்பி வராமலிருக்கவும் உதவலாம் என்றாய். அந்த ‘லாம்’ அவர் காதில் விழவே இல்லை. பஸ் ஓட்டின காலத்தில் கண்டக்டர் சாப்பாட்டில் கோஸ் இருந்தால் தள்ளிப்போய் உட்கார்ந்த மனிதர், மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கினார். வீடெல்லாம் வாடை, தைக்க வாங்கி வைத்த துணியில்கூட ஏறிவிட்டது, துணி கொடுக்க வருகிறவர்கள் வாசலிலேயே நின்று அளவு சொல்லிவிட்டு ஓடினார்கள். நான் வாய் திறந்தேனா?

லீவுக்கு வந்தவள் சும்மா இருந்தாயா, ஆராய்ச்சிக்கு வேண்டும் என்று எங்கள் இருவர் மலத்தையும் டப்பாவில் வாங்கிக்கொண்டு போனாய். பெற்றவர்களிடம் கேட்கிற பொருளா அது? கொடுத்துத் தொலைத்தோம். அதற்குப் போனில் நீ சொன்ன பதில் இன்னும் என் காதில் இருக்கிறது. கோஸ் வெந்துவிட்டால் அந்தக் கந்தகச் சமாச்சாரம் தானாக உடையாதாம், குடலில் இருக்கும் பாக்டீரியாதான் உடைக்க வேண்டுமாம், அம்மாவிடம் அந்த பாக்டீரியா ஏராளமாம். “அப்பா, உங்க வயித்துல அது சுத்தமா இல்லப்பா, சாப்பிடறதெல்லாம் வேஸ்ட்” என்று சிரித்தாய். ஆபரேஷனுக்குப் பிறகு அத்தனை மாத்திரை தின்றவர் வயிற்றில் எந்தக் கிருமி மிஞ்சும்? இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

அவர் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். அதற்குப் பிறகு எதுவுமே சரியாக உள்ளே இறங்கவில்லை. அடுத்த ஸ்கேனுக்கு வரமாட்டேன் என்றார். “எனக்குள்ள காவலுக்கு ஒண்ணுமே இல்லன்னு உன் மகளே சொல்லிட்டா” என்றார். அவருக்கிருந்த ஒரே தைரியம் அந்தக் கிண்ணம், அதைத் தட்டிவிட்டாயே, பாவி.

நேற்று நான் சாப்பிடும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கட்டிக்கொண்ட நாளிலிருந்து தனக்கென்று தனி டம்ளர், எனக்கென்று தனி டம்ளர் என்று பிரித்து வைத்த மனிதர், என் தட்டில் கையை விட்டு, நான் பாதி தின்ற கோஸை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். என்ன இது என்றேன். “உங்கிட்டதான் ஏராளமா இருக்காமே, எனக்கும் கொஞ்சம் வரட்டும்” என்றார். இன்றைக்கு என் டம்ளரிலேயே தண்ணீரும் குடித்தார். குடித்துவிட்டு, ஸ்கேன் என்றைக்கு என்று கேட்டார்.

கிருமி அப்படியெல்லாம் ஒட்டிக்கொள்ளாது என்று நீ சொல்வாய். ஞாயிற்றுக்கிழமை பேசும்போது தனக்கும் அது வந்திருக்குமா என்று அவரே உன்னிடம் கேட்பார், அப்போது உன் படிப்பை மூட்டைகட்டி வைத்துவிட்டு ஊம் என்று மட்டும் சொல். மீறி ஒரு வார்த்தை பேசினால் இந்த ஜென்மத்துக்கு என்னிடம் பேசாதே. மாப்பிள்ளையும் நீயும் நோய்நொடி இல்லாமல் இருங்கள், குளிரில் காதை மூடிக்கொள். அடுப்பில் கோஸ் வேகிறது, இரண்டு பேருக்கு ஒரே தட்டாக எடுத்து வைத்திருக்கிறேன்.

கோபம் ஆறாத
உன் அம்மா